மலை முதல் கழிமுகம் வரை

‘விடுமுறை’ என்பது வினைத்தொகை. விட்ட முறை, விடுகின்ற முறை, விடும் முறை என மூன்று காலத்துக்கும் அச்சொல் பொருந்தும். ஆயின், விடப்படுவது யாது என்பதை மாணவர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பள்ளியின் நாற்சுவரை விடுகிறோம். மணியோசைக்கு எழுந்து மணியோசைக்கு அமரும் வழக்கத்தைச் சில நாள் விடுகிறோம். கண்ணாலும் காதாலும் கற்கும் தொழிலை நாம் விடுவதில்லை. விட வேண்டுவதும் இல்லை. நூலில் படித்த பொருள்களை நேரில் கண்டு தெளிதற்கு விடுமுறையினும் ஏற்ற காலம் வேறு யாதுளது?

இராயபுரம், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் முதலிய வடசென்னைப் பகுதிகளில் வாழும் மாணவர்க்குக் கடல் புதிதன்று. விடியற்காலையில் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் எழும் ஏலக்குரலும், சரக்குப் பெட்டிகளைச் சுமந்து துறைமுகம் நோக்கி ஊர்ந்து செல்லும் லாரிகளின் நீண்ட வரிசையும், அனல்மின் நிலையங்களின் உயர்ந்த புகைபோக்கிகளும் அவர்கள் நாள்தோறும் காண்பவை. நாள்தோறும் காண்பதை நாம் கூர்ந்து காண்பதில்லை. ஆதலின், விடுமுறை என்றவுடன் அவர் உள்ளம் உதகமண்டலத்துக்கும் கொடைக்கானலுக்கும் பறந்து செல்கிறது. அவ்விடங்களுக்குச் செல்லும் வாய்ப்பும் பொருளும் உடையவர் சிலரே. மற்றையோர் வருந்த வேண்டுவதில்லை. மலையும் காடும், ஆறும் கழியும், ஏரியும் கடலும் ஒருங்கே காணத்தக்க வழியொன்று அவர்தம் வாயிலிலேயே வந்து முடிகிறது. அவ்வழியே கொற்றலையாறு. குசத்தலையாறு என்றும் அதனை வழங்குவர்.

பண்டைத் தமிழர் நிலத்தைத் திணைகளாக வகுத்தனர். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். இவ்விரண்டையும் தனித்தனியே கற்கும் மாணவன், ஒன்றற்கும் மற்றொன்றற்கும் தொடர்பில்லை என்று எண்ணக்கூடும். கொற்றலையாறு அவ்விரண்டையும் இணைக்கிறது. நகரி மலைப் பகுதியினின்று இழிந்து வரும் நகரியாறு பூண்டி நீர்த்தேக்கத்தை அடுத்து இதனோடு கலக்கிறது. அந்நகரி மலையில் மூக்குப் போன்று நீண்டு தோன்றும் முகடு ஒன்று உண்டு. 850 மீட்டருக்கு மேல் உயர்ந்த அம்முகடு, முற்காலத்தில் சென்னைக் கரையை நாடிவந்த மாலுமிகளுக்குக் கடலிலிருந்தே தெரியும் அடையாளமாக விளங்கியது. மலையைக் கொண்டு கடலில் வழியறிந்தனர் என்றால், குறிஞ்சியும் நெய்தலும் எத்துணை அண்மையில் உள்ளன என்பது புலப்படும்.

முதலில் மலைப்பக்கம் செல்வோம். 1856-ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதற் பயணிகள் ரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை நோக்கிப் புறப்பட்டது. அது சென்ற வழியில் உள்ளது திருவள்ளூர். இன்றும் வடசென்னை மாணவர் ரயிலில் திருவள்ளூர் சென்று, ஆங்கிருந்து பேருந்தில் பூண்டியை அடையலாம். 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் சத்தியமூர்த்தி சாகர் எனப் பெயர் பெற்றது. சென்னை மக்கள் பருகும் நீரில் ஒரு பகுதி இங்குத் தேங்குவதே. இதனை அடுத்து அல்லிக்குழி மலைத்தொடரும், அதன் புதர்க்காட்டினிடையே குடியம் குகைகளும் உள்ளன.

குடியம் குகைகள் மனிதர் குடைந்தவை அல்ல. பாறை தானே அரிக்கப்பட்டு, கூரை போலக் கவிந்து நிற்பவை. அப்பாறையை அணுகிப் பார்த்தால், மாவினுள் பதித்த முந்திரிப் பருப்பைப் போல, உருண்டைக் கூழாங்கற்கள் எண்ணிறந்தன அதனுள் பதிந்திருத்தலைக் காணலாம். ஓடும் நீர் உருட்டி உருட்டித் தேய்த்த கல்லே கூழாங்கல் ஆகும். எனவே, இன்று மலையாய் நிற்கும் இவ்விடத்தில் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நீர் ஓடியிருத்தல் வேண்டும். ஆசிரியர் கூறாமலே அப்பாறை இவ்வுண்மையைக் கூறிவிடுகிறது.

அக்கூழாங்கற்களால் மனித குலமும் பயன் பெற்றது. கொற்றலையாற்றுப் பகுதியில் அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூர் உள்ளது. 1863-ஆம் ஆண்டு நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் பூட் என்பவர், முதலில் பல்லாவரத்திலும் பின்னர் அத்திரம்பாக்கத்திலும் கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார். அத்திரம்பாக்கத்துக் கற்கோடரிகளுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. கல்லை உடைத்துக் கூர்மை செய்யக் கற்ற கைகள் இவ்வாற்றங்கரையில் உழைத்தன. இப்பகுதியிற் கிடைத்த கருவிகளைப் பூண்டியில் உள்ள அகழ்வைப்பகத்திற் காணலாம். அங்கே கண்டு மகிழ வேண்டுமேயன்றி, காட்டில் கிடக்கும் கல் எதனையும் பையிலிட்டுக் கொண்டுவருதல் கூடாது. ஒரு கருவி கிடந்த இடமே அதன் வரலாறு. இடம் பெயர்ந்த கருவி தன் வரலாற்றை இழந்த வெறுங்கல்.

மலையிற் பிறந்த கல் ஆற்றில் உருண்டு, தேய்ந்து, மணலாகிக் கடலை அடைகிறது. அம்மணலைப் பின்தொடர்ந்து நாமும் இறங்கி வருவோம். பூண்டியைக் கடந்து கிழக்கே வரும் கொற்றலையாறு எண்ணூரில் கடலொடு கலக்கிறது. ஆற்றின் நன்னீரும் கடலின் உவர்நீரும் கலக்கும் இடமே கழிமுகம். தெற்கிலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாயும் இங்கே வந்து சேர்கிறது. சென்னையிலிருந்து எண்ணூர் வரை 1806-இல் வெட்டப்பட்ட கால்வாயே பின்னர் வடக்கேயும் தெற்கேயும் நீட்டப்பட்டு, 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சத்தின்பின் அக்கால ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயரைப் பெற்றது. ஆங்கிலேயர் காலத்தில் சென்னை நகரத்தார் எண்ணூரை ஓய்விடமாகக் கொண்டு, இக்கழியில் படகோட்டி மகிழ்ந்தனர். தொழிற்சாலைகளின் ஊராகவே எண்ணூரை அறிந்த இளைஞர்க்கு இச்செய்தி வியப்பளிக்கலாம்.

கழிமுகத்தில் காணத்தக்கவை பல. அவற்றுள் முதலாவது ஓதம். கடல்நீர் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. கரையோரத்தில் ஒரு கோலை நட்டு, நீர் தொடும் இடத்தை மணிக்கொரு முறை சுண்ணக்கட்டியாற் குறித்து வந்தால் இதனை எவரும் அறியலாம். மறுநாள் அதே ஏற்றம் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தி வரக் காண்போம். திங்கள் நாள்தோறும் அவ்வளவு பிந்தி எழுவதே இதற்குக் காரணம். முழுநிலாவையும் மறைநிலாவையும் அடுத்த நாள்களில் ஏற்றமும் மிகும், வற்றமும் மிகும். முழுநிலா நாளை வெள்ளுவா என்றும், மறைநிலா நாளைக் காருவா என்றும் தமிழ் வழங்குகிறது. இவ்விரு சொற்களுக்கும் பொருளை அகராதியில் தேடும் மாணவன், கழிமுகத்துக் கோலிலும் அதனைப் படிக்கலாம்.

இரண்டாவது அலையாத்தி மரம். உவர்நீர் தேங்கிய சேற்றில் வேருக்குக் காற்றுக் கிடைப்பதில்லை. அதனால் இம்மரம் தன் வேர்களுள் சிலவற்றை எழுதுகோல்களைப் போல நிலத்துக்கு மேலே செங்குத்தாக நீட்டி மூச்சு விடுகிறது. அவ்வேர்களினிடையே இறாலும் நண்டும் மீன்குஞ்சும் ஒதுங்கி வளர்கின்றன. அலையின் வேகத்தை ஆற்றித் தணிப்பதும் இம்மரமே. ஒரு கை மட்டும் பெருத்த சிறு நண்டுகள் ஓதம் வற்றிய சேற்றில் வெளிவந்து, அக்கையை உயர்த்தி உயர்த்தி அசைப்பதையும் காணலாம். காண்பதற்குக் கரைமேல் நிற்றலே போதும். ஆலைக்கழிவும் சாம்பலும் படிந்த சேற்றில் இறங்குதல் உடலுக்குத் தீங்கு.

மூன்றாவது மணலின் போக்கு. மெரினாவின் பரந்த மணலைக் கண்ட மாணவன், இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் அத்தகைய மணற்பரப்பு இல்லாமை ஏன் என்று வினவுதல் வேண்டும். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கித் தள்ளிச் செல்கின்றன. 1876-இல் தொடங்கிய சென்னைத் துறைமுகக் கட்டுமானம் கடலினுள் நீண்ட மதில்களை எழுப்பியது. வடக்கு நோக்கி வந்த மணல் அம்மதிலின் தென்புறத்தில் தங்கியது; மெரினா அகன்றது. வரவு நின்ற வடபுறத்திலோ கடல் உள்ள மணலையும் கொண்டு சென்றது. வடசென்னையின் கரை குறுகியது. குடியிருப்புகளும் தெருக்களும் கடலுக்கு இரையாயின. எஞ்சியதைக் காக்கவே கருங்கற்களைக் கொட்டிக் கரை கட்டினர். கடலினுள் நீளும் தூண்டில் வளைவுகளையும் அமைத்தனர். தூண்டில் வளைவு ஒன்றன் தென்புறத்தையும் வடபுறத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால், ஒருபுறம் மணல் சேர்ந்தும் மறுபுறம் குறைந்தும் இருத்தல் தெரியும். நிலநூற் பாடம் ஒன்று கற்களால் எழுதப்பட்டு நம் தெருமுனையிற் கிடக்கிறது.

எண்ணூருக்கு வடக்கே சென்றால் பழவேற்காடு. கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கிப் பேருந்தில் செல்லலாம். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசா மாநிலத்துச் சிலிகாவுக்கு அடுத்த பெருமையுடையது பழவேற்காடு ஏரி. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் உள்ளது. மழைக்காலத்தின் இறுதியிலிருந்து பங்குனி வரையில் இங்குப் பறவைகள் திரள்கின்றன. அவற்றுள் பூநாரை அழகிற் சிறந்தது. நெடிய கால்களால் ஆழமற்ற நீரில் நின்று, தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் நீரை அரித்துச் சிற்றுயிர்களை உண்ணும். அவ்வுணவே அதன் சிறகுக்கு இளஞ்சிவப்பு நிறத்தை அளிக்கிறது. கூழைக்கடா, நாரை, நீர்க்காகம், ஆலா, மீன்கொத்தி முதலியனவும் உள. உள்ளான்களுள் சில சைபீரியா வரையுள்ள வடபுலங்களிலிருந்து குளிருக்கு அஞ்சி வருவன. ஒரு பிடி எடையுள்ள பறவை பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்து உண்ணும்போது நாம் கூச்சலிட்டு விரட்டினால், அது சேர்த்த வலிமையை வீணாக்கியவராவோம். பறவை காண்போர் மெல்லப் பேசுதலும், மங்கிய நிற உடை அணிதலும், தொலைவில் நிற்றலும் இதன்பொருட்டே.

பழவேற்காட்டில் மக்கள் வரலாறும் உண்டு. டச்சுக்காரர் 1613-இல் இங்குக் கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டி வாணிகம் நடத்தினர். கோட்டை அழிந்தது, சிற்பம் செறிந்த அவர்தம் கல்லறைகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இன்றும் நிற்கின்றன. இவ்வேரியின் மீனவரிடையே ‘பாடு’ என்னும் பழைய முறை ஒன்று வழங்குகிறது. மீன் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களை ஒருவரே கைப்பற்றாமல், முறைவைத்துப் பகிர்ந்து கொள்ளும் ஏற்பாடு அது. பொதுப்பொருளைப் பூசலின்றி நுகர்வது எங்ஙனம் என்பதை ஏட்டறிவு மிக்கோரும் இவர்களிடம் கற்கலாம்.

இனி, வெளியிடங்களுக்குச் செல்வோர் மறவாமல் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், விடுமுறையைக் கழிக்கப் பழவேற்காடு வந்தோர் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் ஏறி இறங்கியோரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒன்று நீரால் நேர்ந்தது. மற்றொன்று நெருப்பால் நேர்ந்தது. இரு கூட்டத்தாரும் மகிழ்ச்சியை நாடிச் சென்ற நன்மக்களே. அவர்களைப் பழித்தல் நம் கருத்தன்று. அவர்தம் இழப்பிலிருந்து கற்றுக்கொள்ளுதல் நம் கடமை.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அரசர்க்கு உரைத்த அவ்வறிவு மூன்றும் வழிச்செல்வார்க்கும் வேண்டுவனவே. வலியறிதலாவது, தன் கால் எவ்வளவு தொலைவு நடக்கும், தன் படகு எத்துணைப் பேரைத் தாங்கும் என அறிதல். படகு தாங்கும் அளவுக்கு மேல் ஒருவரும் ஏறலாகாது. உயிர்காக்கும் மிதவை உடையின்றி எவரும் ஏறலாகாது. பழவேற்காட்டில் அவ்விபத்தின்பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. தடையை மீறி அழைப்பாரை மறுத்துக் கரையில் நிற்பவனே அறிவுடையோன். காலமறிதலாவது, பருவமும் பொழுதும் அறிதல். புல் காய்ந்த கோடையில் மலைக்காடு தீக்கு அஞ்சத் தக்கது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் அஞ்சத் தக்கது. ஓதம் வற்றும்பொழுது கழிமுகத்து நீர் கடலை நோக்கி விரைந்து பாயும். அப்பொழுது முகத்துவாரத்தில் இறங்கியவனை அது கொண்டு சென்றுவிடும். இடனறிதலாவது, கண்ணுக்கு அமைதியாகத் தோன்றும் இடமெல்லாம் அமைதியானதன்று என அறிதல். இருபுறமும் அலைகள் வெண்ணுரையாய் உடைய, இடையே அலையின்றிக் கருமையாய்த் தோன்றும் நீர், கரையில் மோதிய நீர் கடலுக்குத் திரும்பும் வழியாகும். நீந்தத் தெரியாதவர் இறங்கலாம் என்று எண்ணும் அவ்விடமே உள்ளே இழுக்கும் இடம். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துவிடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைக் கடந்தபின் கரையை நாடுதல் வேண்டும். ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்னும் பழமொழியைச் சொன்னவர்கள் நீரோடு பழகியவர்களே.

இம்மூன்றையும் நாம் ஒரே நாளில் அறிதல் இயலாது. ஆதலின் அறிந்தாரைத் துணையாகக் கொள்ள வேண்டும். மலையில் வனத்துறையார் இசைவும் வழிகாட்டியின் துணையும் இன்றிக் காட்டினுள் நுழைதல் ஆகாது. தமிழ்நாட்டு வனத்துறை 2024-இல் 40 மலையேற்றத் தடங்களை வகுத்து, வழிகாட்டிகளோடு அழைத்துச் செல்லும் திட்டத்தைத் தொடங்கியது. குடியம் குகைத்தடமும் அவற்றுள் ஒன்று. கடற்கரையில் அவ்வூர் மீனவப் பெரியவரை அணுகி, “ஐயா, இன்று தண்ணீர் எப்படி இருக்கிறது?” என்று பணிவோடு கேட்டல் வேண்டும். வாடை, கொண்டல், தென்றல், கோடை என்னும் காற்றின் பெயர்களை நாம் நூலில் மனப்பாடம் செய்கிறோம். அவரோ முகத்திற் படும் காற்றைக் கொண்டே கடலின் நிலையைக் கூறுவார். அவர் ‘இறங்காதே’ என்றால், அச்சொல்லுக்கு மறுசொல் இல்லை.

உடன் கொண்டு செல்லவேண்டியவை சிலவே. குடிநீர், எளிய உணவு, தலைக்குத் துணி, உறுதியான காலணி, ஒரு குறிப்பேடு, எழுதுகோல், இவை போதும். செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் பெற்றோரிடம் கூறிச் செல்க. கொண்டு சென்ற பிளாஸ்டிக் உறை ஒன்றையேனும் அங்கு விட்டு வராதீர்கள். கண்டவற்றை அன்றே எழுதிவைக்கும் பழக்கம் மிக நன்று. நாள், நேரம், இடம், கண்ட உயிர், அதன் செயல் என ஐந்து கூறுகளை எழுதினால் போதும்.

அக்குறிப்பேட்டால் விளையும் நன்மை பெரிது. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின் பெருமழை வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து எண்ணூர்க் கழிமுகத்திற் பரவியது. மீனவர் படகும் வலையும் கருநிறம் பூண்டன. கூழைக்கடாக்களின் வெண்சிறகில் எண்ணெய் படிந்தது. மீனவர் பலர் தொழிலின்றி வாடினர். அத்தகைய கேடு நேரும்போது, ‘முன்பு இங்கு என்ன இருந்தது?’ என்னும் வினா எழும். அதற்கு விடை கூறவல்லவர், முன்பு வந்து பார்த்தவரே. அலையாத்தி எத்தனை நின்றது, எந்த மாதம் எந்தப் பறவை வந்தது, கரை எவ்விடம் வரை இருந்தது என்பனவற்றை ஆண்டுதோறும் எழுதி வைத்த ஒரு மாணவனின் ஏடு, அன்று ஊருக்குச் சான்றாக நிற்கும். எவரும் காணாத இடம் அழிந்தால் அழுவாரும் இலர்.

மாணவர்களே! வருகின்ற விடுமுறையில் ஒரு நாளையேனும் இதற்கென ஒதுக்குங்கள். மூத்தவர் ஒருவரோடு எண்ணூர்க் கரையில் சென்று நில்லுங்கள். உங்கள் காலடியில் உள்ள மணலில் ஒரு சிட்டிகையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். மலையில் பாறையாய் இருந்து, ஆற்றில் கூழாங்கல்லாய் உருண்டு, பல்லாயிரம் ஆண்டு நடந்து வந்த பயணி அம்மணல். அதன் வழியை அறிய நீங்கள் ஒரு நாள் நடத்தல் மிகையாகாது.